அப்பா பேர்ல வந்த சைட்டேஷன்

எங்க அப்பா என் வீட்டுக்காரர ஒரு நாளும் மாப்ளேன்னு கூப்ட்டதில்ல. கிள்ளான்லேர்ந்து கொமுட்டர் ரயில் ஏறி அவரோட பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போனா எனக்கு “வாம்மா”. அவருக்கு “உக்காருங்க மிஸ்டர்”. ஏதோ இன்சூரன்ஸ் விக்க வந்தவர்கிட்ட பேசற மாதிரி. என் வீட்டுக்காரரோடது மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம், நாங்க தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவங்க. அதுதான் காரணம்னு நாங்களே முடிவு கட்டிட்டோம். அவரு எதையும் சிரிச்சே தள்ளிவிடற ஆளு. ஆனா திரும்பி வர்ற ரயில்ல சன்னலையே பாத்துட்டு வருவாரு.

நான் பல்கலைக்கழகத்துல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறேன். மொதல்ல ரப்பர் பால்ல இருக்கற புரதத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணேன். ரப்பர் கையுறை போட்டா சிலருக்கு ஏன் தோல் தடிச்சுப் போகுதுங்கற விஷயம். கல்யாணத்துக்கப்புறம் ஆத்துத் தண்ணிக்கு மாறிட்டேன். கிள்ளான் ஆத்துல என்னென்ன கலக்குதுன்னு பாட்டில் பாட்டிலா அள்ளிட்டு வந்து சோதிக்கறது. இந்த வயசுலயும் சேத்துல எறங்கிட்டுத்தான் இருக்கேன்.

பேராசிரியர் பதவிக்கு மனு போட்டப்ப, நூலகத்துல இருந்த பொண்ணு என் கட்டுரைக் கணக்கக் கம்ப்யூட்டர்ல தொறந்து உதட்டப் பிதுக்கிச்சு. நம்ம கட்டுரைய மத்தவங்க எத்தன தடவ மேற்கோள் காட்டுறாங்களோ, அந்த சைட்டேஷன் கணக்குதான் இவங்களுக்கு எட போடற தராசு.

“டாக்டர், உங்க சைட்டேஷன் கம்மியா இருக்கு லா. ஆத்துத் தண்ணிய நம்மூர்க்காரங்கதானே படிக்கறாங்க. ரப்பர்ல ஒருத்தர் இருக்காரு பாருங்க, உலகத்துல இருக்கற அலர்ஜி டாக்டருங்க எல்லாம் அவரத்தான் காட்டுறாங்க. இவரத் தெரியுமா உங்களுக்கு?”

எட்டிப் பாத்தேன். எங்க அப்பா பேரு. செந்தூல் ரயில் பட்டறையில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆன மனுசன்.

நமக்கு ஏது குடும்பப் பேரு? அடையாள அட்டை ஐ.சி.யில என் பேரு, நடுவுல மகள்னு காட்டற ஏ/பி, அப்புறம் அப்பா பேரு. வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கடைசியில நிக்கறதுதான் ஆளோட பேரு. அதனால ரப்பர் கட்டுரை எல்லாம் அப்பா கணக்குல ஏறிருச்சு. ஆத்து வேலைக்குப் போனப்ப, அந்தக் குழுத் தலைவர் நம்ம வழக்கப்படி என் பேர முழுசா வெச்சு, அப்பாவ ஓர் எழுத்தா சுருக்கிட்டாரு. பேரும் வேற, துறையும் வேற. ரெண்டு வேற ஆளுன்னு கம்ப்யூட்டர் பிரிச்சு வெச்சிருச்சு. நான் ஆத்தப் பாப்பேனா, இதப் பாத்துட்டு உக்காந்திருப்பேனா?

அந்த ஞாயித்துக்கெழம அப்பாவச் சிரிக்க வைக்கலாம்னு சொன்னேன். “ப்பா, நீங்க பெரிய விஞ்ஞானியாம்.”

அவரு சிரிக்கல. “தெரியுமே”ன்னு செல்போன எடுத்தாரு. தன் பேரையும் ரப்பரையும் போட்டு அவரே தேடிப் பாக்கறாராம், ரொம்ப நாளா. பிரேசில்ல ஒரு டாக்டர் போன மாசம்கூட என் கட்டுரையக் காட்டியிருக்காருன்னு எனக்கே சொன்னாரு. அப்புறம் குரல் எறங்கிச்சு.

“கல்யாணத்துக்கப்புறம் புதுசா ஒண்ணுமே வரலயேம்மா. வாத்தியார் வேலை போதும், ஆராய்ச்சியெல்லாம் எதுக்குன்னு தடுத்துட்டாங்க போல.” யாரச் சொல்றாருன்னு கேக்கவே வேணாம். என் வீட்டுக்காரர் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. “என்னப்பா பேசறீங்க? ஒவ்வொரு தடவையும் என்னைய ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறதே இவருதான். மழையில கொட புடிச்சிட்டு நிப்பாரு!” என் வீட்டுக்காரர் என் கையத் தொட்டு, “விடு”ன்னாரு. எனக்குக் கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. சாமியும் இல்ல, சர்ச்சும் இல்ல. மகளோட படிப்பப் பாழாக்கிட்டான்னுதான் இந்த மனுசன் இத்தன வருஷம் முறுக்கிட்டு இருந்திருக்காரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சிடும்?

நூலகத்துப் பொண்ணு எழுதிப் போட்டு, அலஞ்சு, ரெண்டு கணக்கையும் ஒண்ணாக்கிக் குடுத்துச்சு. அதுக்குள்ள மனுவுல கணக்கத் திருத்தற நேரம் தாண்டிப் போச்சு. அந்தத் தடவ பதவி கெடைக்கல. போகட்டும். என் வீட்டுக்காரரோட நேரா பிரிக்பீல்ட்ஸுக்குப் போயி அப்பா போன்ல அந்தப் பக்கத்தத் தொறந்து குடுத்தேன்.

வெரல வெச்சு ஒவ்வொண்ணா படிச்சிட்டே வந்தாரு. பேரு மாறற எடத்துல நின்னாரு. “இங்கேர்ந்து நான் வெறும் எழுத்துதானா?”

“ஆமாப்பா.”

“பரவால்ல லா. நீ நிறுத்தலதானே.”

ஓர் ஆத்துக் கட்டுரையோட கடைசிப் பக்கத்தக் காட்டுனேன். நன்றி சொல்ற எடம். அத யாரும் மேற்கோள் காட்ட மாட்டாங்க, எந்தக் கணக்குலயும் வராது. கார் ஓட்டி, தண்ணி அள்ளக் கூட நின்னதுக்கு நன்றின்னு என் வீட்டுக்காரர் பேரு அங்க இருந்துச்சு. அப்பா கண்ணாடியத் தூக்கி நெத்தியில வெச்சிட்டு, செல்போன மொகத்துக்குக் கிட்ட கொண்டுபோயிப் படிச்சாரு. அடுத்த கட்டுரையத் தொறக்கச் சொன்னாரு. அதுலயும் இருந்துச்சு. அதுக்கடுத்ததுலயும்.

எழுந்து போயி, தன் பக்கம் இருந்த காத்தாடிய என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பி வெச்சாரு. “வேர்க்குது பாருங்க. இப்படி வந்து உக்காருங்க, மாப்ளே.”

அன்னிக்குத் திரும்பி வர்ற ரயில்ல அவரு சன்னல் பக்கமே திரும்பல. பந்தாய் டாலாம் ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள என் தோளத் தட்டித் தட்டிக் கேட்டுட்டே இருந்தாரு: “மாப்ளேன்னாரு, கேட்டியா?”