விற்றதாக அக்கா சொன்ன வெள்ளைப் புடவை

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் தங்கையாகிய என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரின் நற்குணங்களை மட்டும் எழுதுவது வழக்கம். அக்காவின் நற்குணத்தை எழுதுவதானால் என் குணத்தையும் எழுதியாக வேண்டும். அதைத் தவிர்க்க ஒரு வருடமாக வழி தேடினேன். கிடைக்கவில்லை.

அக்கா பிறந்தது சித்தூரில், மிஷன் காம்பவுண்டுக்குள் இருந்த ஊழியர் வீட்டில். எங்கள் நைனா ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர். அம்மா பெண்கள் விடுதியில் சமையல் செய்தவர். அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். அதனால் எனக்கு வந்த உடுப்பெல்லாம் அவர் போட்டுக் கழித்ததுதான். ஆனால் போட்டபடியே வராது. கழுத்து மாறியிருக்கும், கைக்கு வேறு நிறத்தில் பட்டி ஏறியிருக்கும், கிழிந்த இடத்தில் ஒரு பாக்கெட் முளைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் புதுசா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். வீட்டுக்கு வந்ததும் பாவாடையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். நல்ல துணியைத் தனக்கு எடுத்துக்கொண்டு மட்டமானதை எனக்கு வைத்துத் தைத்தாரோ என்று சந்தேகம். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பிறகு அந்தக் குணமே எனக்கு உத்தியோகமாகவும் ஆனது. சித்தூரில் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் வேலை. முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும், கையெழுத்தை ஒப்பிடுவதும், எதிரில் நிற்பவர் முகத்தில் பொய் தெரிகிறதா என்று நோட்டம் விடுவதுமாகவே இருபத்தைந்து வருடம் போயிற்று.

அக்காவின் வாழ்க்கை வேறு விதமாகப் போனது. திருமணமான மூன்றாம் வருடம் அத்தான் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். குழந்தை இல்லை. அக்கா திருப்பதிக்குப் போய், யாத்திரை வருகிறவர்கள் தங்கும் ஒரு பெரிய லாட்ஜில் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் அவர் கையில்தான். கறை பட்டதையும் கிழிந்ததையும் லாட்ஜ் கழித்துவிடும்போது, வேண்டுகிற ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம். மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டைக் கேட்டில் காட்டிவிட்டு வெளியே வர வேண்டும். அந்தச் சீட்டுகளை அக்கா எறியவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் வருடக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தார். தன்னை நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போனால் எனக்குத் தலை சுற்றும். போன தடவை பார்த்த பொருள் இந்தத் தடவை வேறாக இருக்கும். லாட்ஜ் கழித்த பிரம்பு நாற்காலியின் அறுந்த பின்னலை எடுத்துவிட்டு, பழைய புடவைகளை நீளமாகக் கிழித்துச் சடைபோல் முறுக்கிப் பின்னியிருப்பார். இடித்த வீட்டின் ஜன்னல் கதவுக்கு நான்கு கால் அடித்து, மேலே கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்கியிருப்பார். துருப்பிடித்த பீரோவை உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்டில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து அடித்தால் பளபளப்பு இல்லாமல் கல் மாதிரி அழகாக இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் முதலில் செய்து காட்டியவர் அவர்தான். சித்தூர் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்களுக்கு லாட்ஜ் கம்பளி, தேவதூதர்களுக்குப் படுக்கை விரிப்பு, குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் சாஸ்திரி ராஜாக்களுக்குத் தங்க நிறத் திரைச்சீலை. ‘அந்த ராஜா இன்னா ரூம் நம்பரு?’ என்று நான் ஒரு வருடம் சத்தமாகக் கேட்டேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார் என்றுதான் அன்று நினைத்தேன்.

கடைசிப் பத்து வருடங்களில் அவர் இதையெல்லாம் செல்போனில் வீடியோவாகப் போட ஆரம்பித்தார். முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். சரக்கு வந்து இறங்கிய மரச் சட்டங்களைக் கட்டி எடுத்து வருவார்கள். திரும்பும்போது விடுதி அறைக்கு ஓர் அலமாரியோ ஸ்டூலோ தயாராகியிருக்கும். சில நாள் கதவு சாத்தியிருக்கும். ஒரு பெண் மட்டும் பெரிய பையுடன் வந்து போவாள். வீட்டுக்கார அம்மா என்னைப் போனில் கூப்பிட்டு, ‘ஏம் ஜருகுதோந்தம்மா லோபல?’ என்று தெலுங்கில் கேட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

எங்கள் அம்மாவின் திருமணப் புடவை வெள்ளைப் பட்டு. வெள்ளிச் சரிகையில் திராட்சை இலைக் கரை. நெய்தவர் கை தவறியதால் ஒரு சாண் நீளத்துக்கு இலைகள் தலைகீழாக இருக்கும். சின்ன வயதில் நானும் அக்காவும் அந்த இடத்தை விரலால் தடவித் தேடுவோம். அம்மா காலமான பிறகு பெட்டியைத் திறந்தபோது புடவை இல்லை.

‘நான்தான் எடுத்துக்கினு போனேன். பத்திரமா கீது’ என்றார் அக்கா.

‘காட்டு.’

‘அப்புறம் காட்றேன்.’

அந்த அப்புறம் வரவேயில்லை. கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினார். நான் அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

சித்தூர் சபையில் ஒரு பெண்ணுக்குத் திருமணம். அவள் ஸ்ரீ சிட்டியில் வேலை செய்தவள். தகப்பன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். மாப்பிள்ளை வீட்டார் வேலூர்ப் பக்கம். ஆராதனை முடிந்து கோயில் படிக்கட்டில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் வெள்ளை கவுன் படியில் வழிந்து விழுந்திருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளித் திராட்சை இலைகளைப் பார்த்தேன். கிட்டே போய் கரையைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு சாண் நீளத்துக்கு இலைகள் தலைகீழாக இருந்தன.

‘இது எங்க அம்மா பொடவைதான? யாரு குடுத்தாங்க உனக்கு?’ என்றேன். மெதுவாகக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா, ‘இன்னா, பழசா? மெட்ராஸ்ல தெச்சதுன்னு சொன்னாங்களே?’ என்றார். பெண்ணின் தகப்பன் இரண்டு படி கீழே அப்படியே நின்றுவிட்டார்.

கவுனின் பின்பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அக்கா எழுந்து முன்னே வந்தார்.

‘எங்க அம்மாதுதான். நான் வித்துட்டேன். இவங்க வாங்கி, மெட்ராஸ்ல குடுத்து தெச்சிக்கினாங்க. இப்ப இது அந்தப் பொண்ணுது. கைய எடு.’

‘அம்மா பொடவைய வித்தியா?’

‘வித்தேன். எனக்கு வேண்டியிருந்துது.’

என் கை கசக்கிய இடத்தை முழங்கால் போட்டு உட்கார்ந்து நீவிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். ‘பட்டு நல்ல பட்டுதான்’ என்று சொல்லிவிட்டு, மருமகளின் தோளைப் பிடித்து கேமராவைப் பார்க்கத் திருப்பினார்.

அன்று படிக்கட்டில் நின்றவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். பெற்ற தாயின் புடவையை விற்றவர் என்று அக்காவுக்குப் பெயர் ஆனது. அவர் வந்தால் பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்ட வீடுகள் உண்டு. அதில் முதல் வீடு என்னுடையது. கிறிஸ்துமஸ் நாடக உடைகளை அந்த வருடம் கடையில் வாடகைக்கு எடுத்தோம். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனார். நான்கு வருடம் அவரோடு நான் பேசவில்லை.

ஒரு நாள் என் கவுண்ட்டரில் ஒரு பெண் சான்றிதழை நீட்டினாள். வழக்கம்போல முகத்தைப் பார்த்தேன். அதே மணப்பெண். வேலை முடிந்ததும் வராந்தாவுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

‘மேடம், அன்னிக்கு ஆண்ட்டி வித்தேன்னு சொன்னாங்களே, அது பொய். நாங்க ஒரு ரூபா குடுக்கல. போட்டுக்கக் குடுத்தாங்க, அவ்ளோதான். மூணாம் நாளு திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கு முன்னாடியும் பொண்ணுங்க போட்டுக்கினாங்க, அப்புறமும் போட்டுக்கினு கீறாங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஆண்ட்டி சத்தியம் வாங்கிக்கினாங்க.’

அப்போதும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ‘எங்க அக்கா அனுப்பிச்சாங்களா உன்ன?’ என்று கேட்டேன்.

அவள் அழுதுவிட்டாள். நான் விடவில்லை. ‘டிரெஸ் எங்கன்னு உன் மாமியார் கேக்கலயா?’

‘லாண்டரில கிழிஞ்சிப் போச்சின்னு சொன்னேன், மேடம்.’

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதிக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போனால் ஏற்பாடு செய்து வைத்துவிடுவார் என்று நினைப்பு. கதவு திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு நாற்காலிக் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடம் கழித்து என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, ‘இன்னா துன்னுட்டு வந்த?’

‘பொடவைய காட்டு.’

கையால் டிரங்குப் பெட்டியைக் காட்டினார். திறந்தேன். மடித்து, வேப்பிலை போட்டு, ஒரு பழைய விரிப்பில் சுற்றியிருந்தது. தையல் மிஷின் மேல் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். ஆமாம், அப்போதும் அளந்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை முழுப் புடவை. எங்கேயும் ஒரு கத்தரிகூடப் படவில்லை.

ஒவ்வொரு பெண்ணின் உயரத்துக்கும் அதைக் கொசுவி, நீண்ட ஓட்டுத் தையலால் இடுப்புப் பட்டியில் பிடித்து, முந்தானையைத் தோளிலிருந்து பின்னால் விட்டு கவுன் ஆக்கியிருக்கிறார். மேல்சட்டை மட்டும் தனியாக, கழித்த விரிப்புத் துணியில், ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி. திருமணம் முடிந்ததும் நூலை உருவிவிட்டால் அது மறுபடியும் அம்மாவின் புடவை. சாத்திய கதவுக்குள் நடந்தது இதுதான்.

‘எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா?’

‘உங்கிட்ட சொன்னா நீ சரிபாக்கப் போவ. எந்தப் பொண்ணு, எந்த ஊரு, யாரு வூடுன்னு.’

‘வித்தேன்னு ஏன் சொன்ன?’

‘இரவல்னு சொன்னா அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அந்தப் பேச்ச கேட்டுக்கினே இருக்கணும். வித்தேன்னா எனக்கு மட்டும்தான் பேரு கெடும்.’

அக்கா உப்புத்தாளில் பாதியைக் கிழித்து என் கையில் கொடுத்து, ‘அந்தக் காலத் தேயி. மரத்தோட வாட்டத்துல தேயி, குறுக்கால தேய்க்காத’ என்றார்.

அதன் பிறகு இரண்டு வருடம் எல்லாச் சனிக்கிழமையும் போனேன். நாற்காலிக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். ஓட்டுத் தையல் எனக்குக் கடைசி வரை நேராக வரவில்லை. சபையில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டேன். அந்தப் பெண் புகுந்த வீட்டில் வாழ வேண்டும், வாயைத் திறக்காதே என்று தடுத்துவிட்டார். அவர் தடுத்தது உண்மை. அது எனக்கும் வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

பிறகு அக்காவுக்குச் சர்க்கரை வியாதி சிறுநீரகத்தில் வந்து நின்றது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஸ்டூலின் ரெக்சின் கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ஊசி நூல் எடுத்து வா என்று என்னிடம் சொன்னார். படுத்தபடியே அவர் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். முடித்ததும் கையை நீட்டி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ‘இழுத்தா வந்துடும்’ என்றார். பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். அடுத்த மாதம் ஒரு விடியற்காலையில், ஸ்ரீ சிட்டிப் பெண் ஒருத்தி பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கையில், அக்காவின் மூச்சு நின்றது.

இதை எழுதலாமா என்று அந்த மணப்பெண்ணிடம் கேட்டேன். மாமியாரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகப் போனாள். மறுநாள் போன் செய்தாள். அந்த அம்மா சொன்னாராம்: ‘எனக்கு அன்னிக்கே தெரியும். தொட்டுப் பாத்தேன், எல்லாம் பெரிய பெரிய தையலு. பிரிக்கறதுக்குன்னே போட்டது. அதுக்கு இன்னா, பொண்ணு நல்ல பொண்ணு.’ நான் பார்த்த அதே கரையைத்தான் அவரும் குனிந்து பார்த்திருக்கிறார்.

அக்காவின் நோய் நாட்களில் முறைபோட்டுத் துணையிருந்த ஸ்ரீ சிட்டி மகள்களுக்கும், இரத்தம் கொடுத்த லாட்ஜ் ஊழியர்களுக்கும், பத்தியக் கஞ்சி வைத்துக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், வாராவாரம் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், கல்லறைக்கு வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தெரிந்தும் வெளியே சொல்லாமல் காப்பாற்றிய அந்த வேலூர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

பெட்டியில் இப்போது இரண்டு புடவைகள் இருக்கின்றன. மற்றது என்னுடையது. தேவைப்படும் பெண் வரலாம். ஓட்டுத் தையல் போட, அக்காவிடம் கற்ற பெண்கள் இருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பழைய கல்யாண ஆல்பங்களை எடுத்துப் புரட்ட வேண்டாம்.

போன மாதம் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். பழகிய கண், முதலில் உடையின் ஓரத்துக்குத்தான் போனது. வலிய நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.