வம்சத்துக் கண்

தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்துக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே காரணம்தான்: சினிமா. மருந்தும் ஒன்றுதான்: நல்லெண்ணெய். அவருடைய தம்பி மகன் இசக்கிமுத்து திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அந்தக் கடையில் சேலை விரித்துப் போடும் வேலையில் சேர்ந்ததும் இரண்டும் அவனுக்குத் தாராளமாகக் கிடைத்தன. காரணம் காதில், மருந்து தலையில்.

எழுபத்து நான்காம் வருஷம் அவனுக்கு இருபத்திரண்டு வயது. தீபாவளிக்குப் போட்ட மூக்குக்கண்ணாடி பொங்கலுக்கு உதவவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் இவனை வாசலில் கண்டாலே நாற்காலியைத் துடைத்துப் போட ஆரம்பித்திருந்தார். ஒருநாள் சேலையின் ஒற்றை ஜரிகைக் கரை அவனுக்கு இரண்டாகத் தெரிய, "ரெட்டைக் கரைம்மா" என்று மனதார நம்பி விற்றுவிட்டான். வாங்கிய அம்மாள் மறுநாள் வந்து, இரண்டாவது கரையைக் காட்டச் சொன்னார்.

கோபம் தணிந்ததும் அந்த அம்மாளே மயிலாப்பூர்க் கண் டாக்டர் சந்திரமௌலியிடம் அவனைக் காட்டச் சொன்னார். கருவிழியின் மேல் வட்ட வட்டமான கோடுகளை விழவைத்து, அந்தப் பிம்பத்தைப் படம் எடுக்கும் கருவி அவரிடம் புதிதாக வந்திருந்தது. படம் என்ற ஒரு சொல் போதுமே! சுயம்புலிங்கம் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போவதுபோல இசக்கிமுத்துவுக்குப் பட்டுச்சட்டை மாட்டி, பவுடர் பூசிக் கூட்டிப்போனார்.

கருவியை இயக்கிய கரீமுல்லா சட்டையைத் தடவிப் பார்த்தார். "இன்னா நைனா, பொண்ணு பாக்கவா வந்துகீற? கண்ணு மட்டும்தான் வுழும். சிமிட்டாம குந்து."

"மூஞ்சி விழாதா? அப்புறம் என்னவே படம்?" என்றார் சுயம்புலிங்கம்.

படம் வந்தது. வட்டங்கள் வட்டமாக இல்லை. கீழ்ப்பக்கம் பேரிக்காய் போலத் தொங்கின.

"கருவிழி கூம்பு மாதிரி பிதுங்கிண்டு வர்றது. நல்லவேளை, ஆரம்பத்துலயே பார்த்துட்டோம். கண்ணைத் தேய்க்கவே கூடாது. கருவிழி மேல வைக்கற லென்ஸ் போட்டுண்டா நன்னாத் தெரியும். அப்பப்போ படம் எடுத்து, மாறறதான்னு பார்த்துண்டே இருக்கணும்" என்றார் டாக்டர்.

"படம் ஆடிப்போச்சு டாக்டர். எங்க வம்சத்துல இதெல்லாம் கிடையாது. என் கண்ணை எடுத்துப் பாருங்க!"

எடுத்தார்கள். சுயம்புலிங்கத்தின் வட்டங்கள் காம்பஸில் போட்டவை போல விழுந்தன. அவர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு, கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கிராமபோன் தட்டு என்று நினைத்த சிலர், பாட்டு எப்போது போடுவீர்கள் என்று விசாரித்தார்கள்.

தன் கண்ணின் அழகில் லயித்திருந்ததால், டாக்டர் கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழவில்லை. வீட்டில் இளவயதினர், அதுவும் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் இருந்தால், அவர்களையும் பார்த்துவிடுவது நல்லது என்றார். இசக்கிமுத்து அதைக் கேட்டான். சுயம்புலிங்கத்தின் மகள் தங்கபுஷ்பம் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். புத்தகம் பிடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கண்ணைக் கசக்குகிறவள்.

"பெரியப்பா, தங்கச்சியையும் ஒருதரம்..."

"ஏலே, தீப்பெட்டியில உள்ள பொடி எழுத்தைப் படிக்கா அவ. அவளுக்கு என்னலே நோவு?"

கபாலி கோயிலுக்குப் போய்வருகிறோம் என்றபோது மட்டும் உடனே அனுமதி கிடைத்தது. இருவரும் சாமியையும் கும்பிட்டுவிட்டு டாக்டரிடம் போனார்கள். தங்கபுஷ்பம் அட்டையின் கடைசி வரியை வாசித்து, அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தாள். ஆனால் படத்தில் வட்டங்கள் அடியில் லேசாகச் சரிந்திருந்தன.

"எனக்கு நல்லாத்தானே தெரியுது, அண்ணே?"

"நன்னாத் தெரியறப்பவே கண்டுபிடிக்கத்தாம்மா இந்தப் படம்" என்று டாக்டர் பதில் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதாள். கை தானாகக் கண்ணுக்குப் போனது. இசக்கிமுத்து அதைப் பிடித்துக்கொண்டான். "அழுதுக்கோ தாயி. கசக்க மட்டும் செய்யாத."

சுயம்புலிங்கம் வீட்டில் குதித்தார். "கோயிலுக்குப் போனவுக பிரசாதம் கொண்டாருவாக. நீங்க வியாதியைக் கொண்டாந்திருக்கீக!"

தங்கபுஷ்பம் தன் படத்தை நீட்டினாள். "இதுவும் நம்ம வம்சத்துக் கண்ணுதான்ப்பா. உங்க படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சினிமாவைப் பற்றி எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். மறுவாரம், மகளின் கண் அரிப்புக்கு டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த சொட்டு மருந்தை அவரே வாங்கி வந்தார்.

இசக்கிமுத்துவுக்கு லென்ஸ் முதலில் மணலாக உறுத்தியது. ஒருநாள் அது கழன்றுவிட, கடைக்கு வந்த பெண்களெல்லாம் பட்டுச்சேலைகளை உதறி உதறித் தேடினார்கள். தேடியவர்களில் பாதிப்பேர் சேலை வாங்கிக்கொண்டு போனார்கள். லென்ஸ் அவன் சட்டைப்பையிலேயே கிடைத்தது.

வருஷங்கள் போயும் தங்கபுஷ்பத்தின் வட்டங்கள் நகரவில்லை. அவனுடையவை கொஞ்சம் நகர்ந்து நின்றன. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் தானே விஷயத்தைச் சொன்னாள். முதலில் வந்த ஜவுளிக் குடும்பம் காபியைக் குடித்து முடித்துவிட்டு, வருத்தத்தோடு விலகியது. இரண்டாவதாக வந்த சாந்தோம் பள்ளிக்கூட வாத்தியார், தன் கண்ணையும் அந்த டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார். அவரையே கட்டிக்கொண்டாள்.

இசக்கிமுத்து எழுபத்தொன்பதில் கடையின் புதிய அசோக் நகர்க் கிளைக்குப் பொறுப்பானான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை யாரும் கேட்காமலே உரக்கப் படித்துச் சொல்வான். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.