எண்ணாமல் எழுதிய நான்கு

1. மேஜை கவுன்ட்

காலடிப்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன லேப். அங்கே இருபத்தாறு வருடம் டெக்னீஷியனாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் படிக்கட்டும், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் கண்டுபிடித்ததைப் பற்றி எழுதினால் எனக்கே தலைக்கனம் ஏறிவிடும். அதனால் கோட்டைவிட்டதை எழுதுகிறேன்.

எங்கள் லேபில் இருந்த செல் கவுன்டர் மெஷின் வெள்ளை அணுக்களை மூன்று கூட்டமாகத்தான் பிரிக்கும். அவற்றில் ஒரு வகையான ஈசினோஃபிலைத் தனியாகக் காட்டாது. அதற்கு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, ஸ்டெய்ன் என்கிற சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து நூறு வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நூறில் ஈசினோஃபில் ஒன்றிலிருந்து ஆறு வரை இருக்கலாம். உள்ளே சிவப்பு மணிகள் நிறைந்திருக்கும், தெரியாத ஆளுக்குக்கூடத் தெரியும்.

நூறு எண்ண நேரமில்லாத நாளில் சில பேர் இருபது, முப்பது எண்ணுவார்கள். சில பேர் அதுவும் எண்ணாமல் மெஷின் கொடுத்ததை வைத்துக் குத்துமதிப்பாகப் பிரித்து, ஈசினோஃபில் நான்கு என்று போடுவார்கள். இதற்கு எங்களுக்குள் மேஜை கவுன்ட் என்று பேர். நான்கு போட்டால் எந்த டாக்டரும் கேள்வி கேட்க மாட்டார். நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று மற்றவர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

2. ஏழுமலை அண்ணன்

ஏழுமலை காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். ஐம்பத்திரண்டு வயது. பெண்ணைக் காலடிப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார். பெண் கௌரி நிறைமாதமாக இருந்தபோது ரத்தம் பார்க்க எங்களிடம்தான் வருவாள், அவர்தான் ஆட்டோவில் அழைத்து வருவார். பெண்ணுக்கு ஊசி குத்தும்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கடல்ல சுறாவுக்கே பயப்பட மாட்ட, இதுக்குப் போய்" என்று கௌரி கிண்டல் செய்வாள்.

பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரே ஒரு சீட்டோடு வந்தார். இரண்டு மாதமாக இருமல், மூச்சு இழுப்பு. படுத்தால் அதிகம். எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. நெஞ்சு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதி, பக்கத்தில் ஈசினோஃபில் என்று கையால் எழுதி ஒரு வட்டமும் போட்டிருந்தார்.

"சீக்கிரம் சொல்லும்மா. வூட்ல கொயந்த வரப்போவுது. இந்த இருமலோட நான் எப்டி தூக்கறது?" என்றார்.

அன்று எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் வருடாந்திரப் பரிசோதனை. நாற்பது பேர் ரத்தம் டியூப் டியூபாக வந்து காத்திருந்தது. ஏழுமலை அண்ணன் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் சிவப்பு. அந்த வாரம் டிஸ்டில்டு வாட்டர் சரியில்லாமல் இரண்டு முறை ஸ்டெய்ன் சிவந்து போயிருந்தது. நீர் கெட்டால் சாதாரண அணுவும் சிவந்து தெரியும். சனியன், மறுபடியும் ஸ்டெய்ன் கெட்டுவிட்டது என்று அலுத்துக்கொண்டேன். இன்னொரு ஸ்லைடு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மெஷின் காட்டிய வெள்ளை அணுக்களின் கூட்டுத்தொகை அதிகமாக இருந்தது. சளிக்கு அப்படித்தான் ஏறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஈசினோஃபில் நான்கு என்று எழுதினேன்.

டாக்டர் வட்டம் போட்டுக் கேட்ட ஒரே விஷயத்துக்கு மேஜை கவுன்ட் கொடுத்தவள் நான்.

3. தெருவுக்கு அந்தப் பக்கம்

ஈசினோஃபில் நான்குதான் என்றதும் டாக்டர் தன் சந்தேகத்தை விட்டுவிட்டார். சளியில் கிருமி தெரியவில்லை, இருந்தாலும் எக்ஸ்ரேயை வைத்து டி.பி. என்று முடிவு செய்து மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கௌரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. டி.பி. என்ற வார்த்தையைக் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டில் பிடிவாதமாக இருந்துவிட்டார்கள். தாத்தா கிட்டே வரக்கூடாது. கௌரி அழுதாள், ஆனால் அவளுக்கும் பயம். தொட்டில் போட்ட அன்று நான் லேபுக்கு வரும் வழியில் பார்த்தேன். அந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம், மளிகைக் கடை ஓரத்தில், வெள்ளைச் சட்டை போட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏழுமலை அண்ணன் நின்றிருந்தார்.

"உள்ள போகலியாண்ணா?" என்று கேட்டேன்.

"வாணாம்மா. தோ, சத்தம் கேக்குது பாரு, அவதான் அழுவுறா. நல்ல தொண்ட. எங்க வூட்டுத் தொண்ட" என்றார். பிறகு இருமல் வந்து பேச முடியவில்லை.

கடலுக்கும் போகவில்லை. தினமும் சாயங்காலம் அந்தக் கடை ஓரத்தில் நிற்பார். கௌரி குழந்தையை ஜன்னலுக்குக் கொண்டுவந்து காட்டுவாள். பாவம் என்று நினைத்தபடி நான் கடந்து போவேன்.

4. பக்கத்து ஸ்லைடு

நான்கு மாதம் கழித்து, மாத்திரை ஈரலைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க அவரை அனுப்பினார்கள். ஆள் பாதியாகியிருந்தார். இருமலும் இழுப்பும் அப்படியே இருந்தன. எனக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. சீட்டில் இல்லாவிட்டாலும் ஒரு சொட்டில் ஸ்லைடு போட்டேன்.

எங்கும் சிவப்பு. அன்று புது ஸ்டெய்ன், புது நீர். சந்தேகத்துக்கு அடுத்த ஆளின் ஸ்லைடை எடுத்து வைத்தேன். அது ஒழுங்காக இருந்தது. ஒரே தட்டில், ஒரே ஸ்டெய்னில் போட்ட இரண்டில் ஒன்று மட்டும் எப்படிக் கெடும்? உட்கார்ந்து எண்ணினேன். நூறில் எழுபத்தொன்று ஈசினோஃபில்.

பழைய ஸ்லைடுகளைப் பெட்டியில் வைத்திருப்போம். நான்கு மாதத்துக்கு முந்தைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். அறுபத்தாறு. அந்த நாளின் கம்பெனிக்காரர்கள் ஸ்லைடு ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். அது சுத்தமாக இருந்தது. ஸ்டெய்ன் கெடவே இல்லை. அவருடைய இரண்டு ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு லேப் நடத்தும் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

அவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கொசு வழியா யானைக்கால் புழு உள்ள போயிருக்கு. நம்ம ஏரியாவுல நிறைய பேருக்குப் போயிருக்கும். சிலர் உடம்பு கண்டும் காணாம விட்டுடும். குட்டிப்புழு ரத்தத்துல சுத்தும், ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. இவர் உடம்பு விடல. ஐ.ஜி.ஈ.ன்னு ஒரு ஆன்டிபாடியை அளவில்லாம செய்யுது. அதோட ஈசினோஃபில் படை திரண்டு வருது. புழு பெரிசு, ஒரு அணுவால முழுங்க முடியாது. அதனால சுத்தி நின்னு தன்கிட்ட இருக்கிற விஷத்தைப் புழு மேல கொட்டும். குட்டிப்புழு செத்துடும். வழக்கமா அது ராத்திரிதான் ரத்தத்துக்கு வரும், இவருக்கு அப்ப எடுத்தாலும் அகப்படாது. ஆனா சண்டை நடக்கிறது நுரையீரல்ல. கொட்டின விஷம் நுரையீரலையும் சுடுது. இருமல், இழுப்பு, எக்ஸ்ரே புள்ளி எல்லாம் அதுதான்."

"தொத்துமா டாக்டர்?"

"இருமலால யாருக்கும் தொத்தாது. யானைக்கால் புழுவுக்குக் கொடுக்கிற டி.இ.சி. மாத்திரை மூணு வாரம். ஒரு வாரத்துலயே மூச்சு சரியாகும்."

என் கையெழுத்துப் போட்ட பழைய ரிப்போர்ட்டை அவர் முன்னால் வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நெஞ்சு டாக்டருக்கு நான் போன் பண்றேன். பேஷன்ட்கிட்ட யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

5. பதினோரு நாள்

ரிப்போர்ட் வாங்க வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒன்றையும் மென்று விழுங்காமல் சொன்னேன். இது டி.பி. இல்லை, அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், நான் எண்ணாமல் எழுதிவிட்டேன்.

அவர் கோபப்படுவதற்கு நான் தயாராக இருந்தேன். அவருக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

"அப்ப அன்னிக்கே நான் கொயந்தய தூக்கிருக்கலாமா?"

"தூக்கியிருக்கலாம்ண்ணா."

"கௌரி போய்ட்டாம்மா. மருமவன் குஜராத்துல ஹார்பர்ல கிரேன் ஓட்டறாரு. புள்ளையையும் இட்டுகினு போய்ட்டாங்கோ. பதினோரு நாள் ஆவுது. ஸ்டேசன்ல கூட நான் தூரமாத்தான் நின்னுகினு இருந்தேன்."

"மன்னிச்சிடுங்க" என்றேன். அந்த வார்த்தை எனக்கே கேவலமாக இருந்தது.

"நீ சொல்லாம வுட்டிருந்தா எனக்கு இன்னா தெரியப்போவுது" என்றார். ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது மன்னிப்பா, இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மூன்று வாரத்தில் தேறினார். கடலுக்குப் போனார். நான் ஓய்வு பெறும் நாள் வரை நூறு எண்ணாமல் ஒரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. சந்தேகம் வந்தால் பக்கத்து ஆளின் ஸ்லைடை எடுத்துப் பாருங்கள். ஸ்டெய்ன் கெட்டதா, மனிதனின் ரத்தம் கெட்டதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எனக்கு வேண்டியது வேறு. அந்த ஒரு காலை மட்டும் எனக்குத் திரும்ப வேண்டும். நாற்பது டியூபும் காத்துக் கிடக்கட்டும், நான் உட்கார்ந்து அவருடைய நூறை எண்ண வேண்டும். இந்த ஏக்கம் ஓய்வோடு போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

அவர் தேறியதற்கு அடுத்த வருடக் கடைசியில் கௌரி ஊருக்கு வந்தாள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. தாத்தாவைப் பார்த்ததும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீரிட்டு அழுததாம். இரண்டு நாள் கழித்துப் பொட்டலம் பொட்டலமாகப் பொம்மை வாங்கிக்கொண்டு போன ஏழுமலை அண்ணன், வழியில் லேபுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கிட்ட வர்ல. புடிக்கப் போனா ஓடறா" என்று சிரித்தார். பிறகு மேஜையருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யம்மா, நீ ரெண்டு பெத்தவ. நாலு மாசக் கொயந்த கைல இன்னா வெயிட்டு இருக்கும்?"

"ஆறு கிலோ இருக்கும்ண்ணா."

"ஆறு கிலோ" என்றார். பொம்மைகளை மேஜைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதையோ வாங்கிக்கொள்வதுபோல் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தபடி அங்கேயே நின்றார். நான் மைக்ராஸ்கோப் மேல் குனிந்துகொண்டேன். அதில் ஸ்லைடு எதுவும் இல்லை.