புளிக்குது என்று சொன்ன சம்பந்தி

செய்தி வந்தபோது நான் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். பாதி மீசை கறுத்திருந்தது, பாதி இன்னும் உண்மை பேசிக்கொண்டிருந்தது. போனில் என் அண்ணன் மகள் அபிநயா. "சித்தப்பா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். அந்த மீசையோடுதான் போடி பஜாரைக் கடந்து ஓடினேன். வழியில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் என் மதினி செண்பகவல்லி. அவர்தான் இறந்திருந்தார்.

அவரை அறியாதவர்களுக்காக: என் அண்ணன் இளவயதில் இறந்த பிறகு, அவருடைய ஏலக்காய் வியாபாரத்தை எடுத்து நடத்தியவர். ஏலம் நடக்கும் கூடத்தில் ஆண்கள் நடுவே, எப்போதும் இலைப் பச்சைச் சுங்குடிச் சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்து விலை கேட்டவர். இன்று விலையைக் கம்ப்யூட்டரில் கேட்டாலும் சாம்பிள் கைக்குத்தான் வரும். உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, முகர்ந்து, ஒன்றை உடைத்து மென்று பார்த்துவிட்டு மிச்சத்தைத் தரையில் போட்டுவிடுவார்கள். அடுத்த சாம்பிளுக்குக் கை காலியாக வேண்டுமே. மதியத்துக்குள் கூடம் முழுக்கப் பச்சைப் பசேலென்று ஏலக்காய் மிதிபடும். இது எங்கள் ஊர் வழக்கம். இது புரியாவிட்டால் மதினி பின்னால் செய்த காரியமும் புரியாது.

அபிநயா காதலித்த பையன் ஜோபின். போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் தோட்டமுள்ள மலையாளக் கிறிஸ்தவக் குடும்பம். மதம்கூட எங்கள் சொந்தக்காரர்களுக்கு இரண்டாம் பட்சம்தான். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் ஒயின் போடுகிறார்கள் என்பதே பெரிய குற்றம். எங்கள் பெரிய மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "குடிகார வீட்டுல பொண்ணக் குடுத்தா நான் கல்யாண வாசல மிதிக்க மாட்டேன்."

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். ஜீப்பில் போகும்போது அபிநயா கெஞ்சினாள்.

"அம்மா, ஒயின் குடுப்பாங்க. ஜோபின் அம்மா கையால போட்டது. வேண்டாம்னா மனசு ஒடஞ்சு போயிருவாங்க. ஒரு வாய் வச்சுட்டு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிரும்மா."

"நல்லாருந்தா சொல்றேன்டி. ருசி பாத்துப் பொய் சொன்னா நான் என்ன வியாபாரி?"

அபிநயா என்னைப் பார்த்தாள். நான் டிரைவரிடம் இன்னும் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று விசாரித்தேன்.

ஜோபினின் அம்மா மேரிக்குட்டி, பிளம் கேக்கும் சிறிய கண்ணாடித் தம்ளர்களில் ஒயினும் கொண்டுவந்தார். மதினி தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி நாக்கில் உருட்டி விழுங்கினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மதினி ஏதோ யோசனையில், கையை நாற்காலிக்கு வெளியே நீட்டி, மிச்ச ஒயினைத் தரையில் ஊற்றிவிட்டார்.

பாலிஷ் போட்டுப் பளபளத்த தரையில் சிவப்பாக ஒரு குளம். ஜோபினின் அப்பா எழுந்தே விட்டார். அபிநயாவின் முகத்தில் ரத்தம் இல்லை. நான் பிளம் கேக்கில் எத்தனை திராட்சை இருக்கிறது என்று ஆராய ஆரம்பித்தேன்.

அப்போதுதான் மதினி குனிந்து பார்த்தார். "அய்யய்யோ! ஏலக்கூடம்னு நெனச்சுப்புட்டேனே!" என்று தரையில் உட்கார்ந்து முந்தானையாலேயே துடைக்கத் தொடங்கினார். மேரிக்குட்டி துணியோடு ஓடிவந்து அவர் எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் தரையில். மேரிக்குட்டியின் கண் கலங்கியிருந்தது.

"சேச்சிக்கு இஷ்டப்படல, இல்லே?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும், கல்யாணம் தப்பித்துவிடும். அபிநயா கண்ணாலேயே கும்பிட்டாள்.

"கை நல்ல கைதான் தாயி" என்றார் மதினி. "ஆனா எனக்குப் புளிக்குது. நான் காப்பிக்கே சீனி அள்ளிப் போடுறவ. இது உங்க குத்தமில்ல, என் நாக்கு அப்பிடி. இனிப்பா, தொண்டையில உறுத்தாம வேற இருக்கா?"

மேரிக்குட்டி மதினியையே பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒட்டுக்கேட்பது என் பிறவிக் குணமாதலால், கை கழுவும் சாக்கில் பின்னாலேயே போனேன்.

சரக்கறையில் வரிசையாக ஒயின் ஊறும் பீங்கான் பரணிகள். மதினி இரண்டு இரண்டாக ஊற்றச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தார். இடையில் ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி. "ஒண்ண மட்டும் குடிச்சா என்ன தெரியும்? ரெண்டு இருந்தாத்தான் எது புடிக்குதுன்னு நாக்கு சொல்லும்… இது நெல்லிக்காயா? பாலில்லாத கட்டஞ்சாயா மாதிரி நாக்கப் புடிக்குது. இந்த அன்னாசி, வாசம் முன்னால ஓடி வருது, ருசியக் காணோம்." ஒவ்வொன்றுக்கும் மேரிக்குட்டி வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் போன வருடத்துக் கறுப்புத் திராட்சை. மதினி இன்னொரு வாய் கேட்டு வாங்கிக் குடித்தார். "இதான். இதான் எனக்கு."

"அது உங்க பக்கத்துக் கம்பம் திராட்சையாக்கும்!" என்றார் மேரிக்குட்டி. வெளியே வந்து கணவரிடம் சொன்னார்: "எல்லாரும் நல்லாருக்கு, கொள்ளாம்னு சொல்லிக் குடிச்சிட்டுப் போகும். சத்தியம் பறஞ்சது இந்த சேச்சி மாத்திரம். அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வரட்டே."

கல்யாணம் போடியில் ஜாம் ஜாமென்று நடந்தது. வாசலை மிதிக்க மாட்டேன் என்ற பெரிய மாமா முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மதினியை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, சும்மா கேக்குறேன். அந்த ஒயினுல நமக்குத் தோதா எது?"

"மாமா, பந்தியில நீங்க ரெண்டாந்தரம் கை நீட்டுறது பாயாசத்துக்கா, மோருக்கா?"

"மோருக்குத்தான்."

"அப்ப உங்களுக்கு இனிப்பு ஆகாது. புளிப்புல ஆரம்பிங்க. ஒரு மடக்கு போதும்."

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒயினுக்குப் புதிதாக ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் ரகசியமாக மதினியிடம்தான் வந்தார்கள். நான் கொச்சியில் விலை கூடின பாட்டில் ஒன்று வாங்கிவந்து, போனில் படித்ததை ஒப்பித்தேன்: "மதினி, இதுல ஓக் மர வாசம் வரும்."

"ஓக் மரத்த நீங்க எங்க கொழுந்தனாரே மோந்து பாத்தீக? குடிச்சுப்புட்டு முகத்த ஏன் இப்பிடிச் சுளிக்கிறீக?"

"விலை அதிகம் மதினி."

"வெல பாட்டிலுக்கு. நாக்கு உங்களுது. புடிக்கலேன்னா ஊத்திருங்க, முடிச்சே ஆகணும்னு சட்டமா?"

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எது பிடிக்கும் என்று என்னையே கேட்ட முதல் ஆள் அவர்தான். இனிப்புத்தான் பிடிக்கும் என்று தெரிந்தது. இன்று கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

மதினியை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது மலையிலிருந்து முதல் ஜீப்பில் மேரிக்குட்டி வந்து இறங்கினார். கையில், இறந்தவருக்குச் சம்பந்தி வீட்டார் போர்த்தும் கோடிச் சேலை. யாரும் அவரிடம் அந்த முறையைச் சொல்லவில்லை, அவரே மருமகள் அபிநயாவைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். பஜாரில் கடைக்காரர் எடுத்துப் போட்ட பட்டுச் சேலைகளையெல்லாம் தள்ளிவிட்டு, "சேச்சிக்கு இது இஷ்டப்படாது, இலைப் பச்சையில சுங்குடி தா" என்று நின்று வாங்கியிருக்கிறார். பெரிய மாமா எழுந்து அவருக்கு வழி விட்டார். மேரிக்குட்டி சேலையை விரித்து, மதினியின் தோள்வரை போர்த்தி, கசங்கல் இல்லாமல் நீவிவிட்டார். எங்கள் பெண்கள் தள்ளி உட்கார்ந்து அவருக்குத் தலைமாட்டில் இடம் கொடுத்தார்கள்.

நல்லபடியாகப் போய் வாருங்கள் மதினி. உங்களுக்குப் பிடித்த நிறத்தைத்தான் உடுத்திக்கொண்டு போகிறீர்கள்.