நாற்காலிக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளை பார்த்தது

அத்தையைப் பெண் பார்க்கச் சாரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யார் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுக்கு வரவழைத்து, சரிப்படாமல் போனால் தெருவே பேசும். அதனால் குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும் இரண்டு குடும்பங்கள், தென்காசி ஓட்டலில் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து மேசையில் சாப்பிடுவதாக ஏற்பாடு. பிடித்தால் மேலே பேசுவது. இல்லையென்றால் யாருக்கும் யாரையும் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படித்த என்னையும், தெரிந்தவர்கள் மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று மிரட்டித்தான் கூட்டிப்போனார்கள். நன்றாகப் பொருந்திய ஜாதகம் அது. அதற்காக அப்பா செருப்புத் தேய அலைந்திருந்தார்.

அருவியில் குளித்த ஊருக்கே பசிக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஓட்டலில் நிற்க இடமில்லை. சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்பதுதான் அங்கே வழக்கம். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் முந்தி உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா எங்களைக் கொண்டுபோய் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார். பெண் பார்க்க வந்தவர் ஆனியன் ரவாவைப் பார்க்க, பெண் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெரிந்தவர்களிடம் “கொஞ்சம் சீக்கிரம்” என்று சொல்லலாம். தெரியாதவர்களிடமும் சொல்லலாம். தெரியாதது போல நடிப்பவர்களிடம் எதைச் சொல்வது? எனக்குப் பசியில் கண்ணை இருட்டியது.

“இவங்க எப்பம்மா எந்திரிப்பாங்க?”

“ஏட்டி, வாயை மூடிட்டு நில்லு” என்றாள் அம்மா.

மாப்பிள்ளை சாவகாசமாகச் சாப்பிட்டார். சட்னி தண்ணியாக இருக்கிறது என்று சர்வரை விரட்டினார். வடையின் மொறுமொறு ஓரத்தைத் தின்றுவிட்டு நடுப்பகுதியைத் தன் அம்மாவின் இலையில் போட்டார். அந்த அம்மாளுக்குத் தோசை கடைசியில்தான் வந்தது. அவர் பாதி சாப்பிட்டிருக்கும்போதே மாப்பிள்ளை போனைப் பார்த்தபடி எழுந்துவிட்டார்.

“எந்திரிம்மா, வண்டியை எடுக்கணும். லேட்டாவுது.”

“இந்தா வந்துட்டேன்யா” என்று அந்த அம்மாள் தோசையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் போனார்.

நான் பாய்ந்து உட்கார்ந்தேன். அத்தை உட்காரவில்லை.

“அண்ணே, எனக்கு இவரு வேண்டாம்.”

“என்னட்டி சொல்லுத? அவரு உன் மூஞ்சியக்கூடப் பாக்கலையே” என்றார் அப்பா.

“நான் பாத்துட்டேன்.”

அப்பா அதற்கப்புறம் காப்பியைக்கூடத் தொடவில்லை. எனக்கென்னவோ அத்தை சொன்னது நியாயமாகவே பட்டது. சிறு பிள்ளையை இவ்வளவு நேரம் காயப்போட்டவர் எப்படி மாமா ஆக முடியும்? சர்வர் வந்து எடுக்கும்வரை அத்தை அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அதைப் பார்க்க ஆத்திரமாகத்தான் வந்தது. நாங்கள் பட்டினியாக நிற்கும்போது பாதித் தோசையை வீணாக்கிவிட்டுப் போன அந்த அம்மாள் மேல்.