வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும்

போன செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். மதில் நிழலில் நின்ற காரின் கண்ணாடியில் ஐஸ் இன்னும் விடவில்லை. பழைய பாங்க் கார்ட் ஒன்றால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். விரல்கள் மரத்துப் போயிருந்தன. வானம் மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது.

மகள் வாசலுக்கு வந்து ஃபோனை நீட்டினாள்.

"அப்பா, இதைப் பாருங்கோ. வாஷிங் மெஷின் ஓடுது, ஃபிரிட்ஜ் ஓடுது, டிவி ஓடுது. அப்பிடியும் ரூஃப்ல கரண்ட் மிச்சம்."

போன வருடம் நான் முணுமுணுக்க முணுமுணுக்க அவள் போடுவித்த சோலார் பனல்களைத்தான் சொல்கிறாள்.

"இந்தக் குளிருக்கையோ?" என்றேன்.

"அப்பா, இட்ஸ் த லைட், நொட் த ஹீட். குளிர் பனலுக்கு நல்லது."

சுரண்டிய கை அப்படியே நின்றது. இந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதே பக்கத்தில் அதை வைத்து உங்களைச் சிரிக்க வைத்தும் இருக்கிறேன்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். சில வருடங்களுக்கு முன் லண்டன் நோர்பரியில் இருக்கும் என் வீட்டுக்கு ஓர் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நோர்வேயில் நீண்ட காலம் எலெக்ட்ரீஷியனாக வேலை செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு சோலார் பனல் பூட்டும் தொழிலைத் தொடங்கியிருந்தார். கையில் அவரே தமிழில் எழுதி அடித்த ஒரு துண்டுப் பிரசுரம். அதன் தலைப்பு: 'வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும்.'

"தம்பி, உங்கட பத்தியை எல்லாரும் வாசிக்கினம். இதைப்பற்றி ரெண்டு வரி எழுதிவிடுங்கோ," என்றார்.

தேநீர் கொடுத்தேன். பொறுமையாக விளக்கினார். பனலுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு, சூடு அதற்குக் காய்ச்சல் மாதிரி என்றார். கொதிக்கிற கூரையில் அது கொஞ்சம் சோர்ந்து போகுமாம். குளிர்ந்து கிடக்கும் கூரையில் நல்ல வெளிச்சம் பட்டால் உற்சாகமாக வேலை செய்யுமாம். நோர்வேயில் பனி வழுக்கி விழுந்த பிறகு, வெள்ளை நிலத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தையும் அது விடாதாம்.

"அப்ப மார்கழியிலையும் நல்லா வருமோ?" என்று மடக்கினேன்.

"இல்லைத் தம்பி. மார்கழியிலை குறைவுதான், நான் பொய் சொல்லமாட்டன். பகல் கட்டை, சூரியனும் பதிவா, கீழைதான் நிக்கும். அது குளிராலை இல்லை, வெளிச்சம் காணாததாலை. வருசம் முழுக்கப் பார்த்தால்தான் கணக்குச் சரிவரும்."

விற்க வந்தவர் குறையையும் சேர்த்துச் சொன்னார். அதையாவது நான் மதித்திருக்க வேண்டாமா?

நான் எழுதினேன். இரண்டு வரி கேட்டார், ஒரு பக்கம் எழுதினேன். 'நோர்வேயில் இருந்து வந்த ஓர் அண்ணை குளிரில் கரண்ட் எடுக்கப் போகிறாராம். இந்த ஊரில் மூன்று நாள் வெளியே வைத்தாலும் மோர் மிளகாய் காயாது. மோர் மிளகாயே காயாத கூரையில் கரண்ட் எப்படிக் காய்க்கும்?' அவருடைய பெயரைப் போடவில்லை. பெயர் போடாததைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு வெயில் என்றால் ஒரே சொல்லுக்குள் வெளிச்சமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே ஊரில் வந்ததில்லை. கூரையில் எதை வைத்தாலும் காயத்தான் வைக்கிறோம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். அந்த மனிதர் பிரித்துக் காட்டினார். காதில் பூ வைக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

நீங்களும்தான் சிரித்தீர்கள். அந்தப் பத்தி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மூன்று தடவை எனக்கே வந்து சேர்ந்தது. மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில் முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அதே கோயில் வாசலில் அவருக்கு என்ன நடந்தது என்பதை நான் விசாரிக்கவில்லை. மகள் அந்த வசனத்தைச் சொன்ன செவ்வாய்க்கிழமை முழுதும் மனம் அரித்தது. ஞாயிற்றுக்கிழமை விலாசம் தேடிப் போனேன். தோர்ன்டன் ஹீத் பக்கம், வரிசை வீடுகளில் ஒன்று.

அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டதும் சிரிப்பு வரவில்லை. ஆனாலும், "வாங்கோ, இருங்கோ," என்றார். அண்ணை தடித்த ஜாக்கெட்டுடன் உள்ளே இருந்து வந்தார். வேலைக்குப் புறப்படும் நேரம்.

"எங்கை அண்ணை இப்ப வேலை?"

"மீன் களஞ்சியம் ஒண்டிலை. ஃப்ரீசர் ஷிப்ட்."

அவரே தொடர்ந்தார். "குளிர் நல்லதெண்டு சொன்னது பனலுக்குத் தம்பி. எனக்கில்லை."

தேநீர் வைத்தபடி அண்ணையின் மனைவி சொன்னார், "இவருக்கு ஒரு பட்டம் வச்சினம், தெரியுமோ உங்களுக்கு? மோர் மிளகாய். கோயிலிலை கண்டால் மோர் மிளகாய் வாறார் எண்டுவினம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளையும் அப்பிடிக் கூப்பிட்டினம். ரெண்டும் தமிழ் படிக்க ஏலாதெண்டு நிண்டிட்டுதுகள்."

பட்டம் வைத்தால் எங்கள் ஆட்கள் லேசில் விடுவார்களா? சட்டப்படி பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டும் என்பார்கள். எங்களிடம் ஒரு பகிடி, நாலு பேர் சிரிக்க ஒரு வரி போதும். ஓம் என்று சொல்லியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அடுத்த கோடை வருமுன் தொழிலை மூடிவிட்டார். நான் ஒரு மனிதனின் வயிற்றில் அடித்திருக்கிறேன். அடித்ததற்கு என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் வீட்டுக்குப் பனல் விற்க வந்தவர் ஒரு வெள்ளைக்கார இளைஞர். அந்த நோர்வே அண்ணை சொன்ன அதே வசனத்தைத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். நான் முணுமுணுத்தேன், ஆனால் தலையாட்டினேன். என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கிறது. தமிழில் வந்தபோது ஏமாற்று, ஆங்கிலத்தில் வந்தபோது விஞ்ஞானம். அகதியாக வந்து இத்தனை வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட படிப்பு இதுதானோ?

என் கூரையில் இருப்பதை அவரிடம் சொன்னேன். சொல்லத்தான் போயிருந்தேன்.

"தெற்குப் பக்கமோ போட்டிருக்கு?" என்றார் உடனே.

"ஓம் அண்ணை."

"புகைபோக்கியின்ரை நிழல் விழுகுதோ?"

"தெரியாது."

"பாருங்கோ. குளிரைவிட நிழல்தான் கூடாது. ஒரு மூலையிலை விழுந்தாலும் பிழை." சொல்லும்போது அந்த முகத்தில் பழைய எலெக்ட்ரீஷியன் ஒரு நிமிடம் வந்து போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இந்தக் கிழமை திருத்தி எழுதுறன்."

அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார், "அண்டைக்குப் பகிடியா எழுதினியள், சனம் உண்மை எண்டு நம்பிச்சுது. இப்ப உண்மையை எழுதினால் பகிடி எண்டு நினைக்கும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கதவடியில் மட்டும் திரும்பினார்.

"எழுதுறதெண்டால் பேரைப் போட்டு எழுதுங்கோ. நீங்கள் பேர் போடாமல் விட்ட இடத்திலைதான் சனம் தங்கட பேர் ஒண்டை வச்சது."

பஸ் வந்துவிட்டது. போய்விட்டார்.

அவருடைய பெயர் யோகநாதன்.