பெரட்டில் சொல்லும் பதில்

கொட்டகலைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்திருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் இது. குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்காகக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கேள்வித்தாள் பனியில் நமுத்துப்போயிருக்கிறது.

மகளைத் தூக்கிப்போக வந்த தாயிடம் வரிசையாகக் கேட்கிறேன். நேற்று பிள்ளைக்கு முட்டை கொடுத்தீர்களா? பால்? கீரை?

இன்று நான் கேட்ட எல்லோரையும் போல இவளும் மூன்றுக்கும் “குடுத்தேங்க” என்கிறாள். மூன்று கட்டத்திலும் சரி போடுகிறேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராசாத்தி, குழந்தைக்குக் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டே, “நேத்து என்னத்தடி குடுத்த?” என்கிறாள்.

“ரொட்டியத்தான் தேத்தண்ணியில ஊறவச்சுக் குடுத்தேன்க்கா.”

பதினைந்து வருடமாக இதே ஆராய்ச்சிதான் செய்கிறேன். அந்த ‘அக்கா’ எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

அவள் போனதும், “என்னிடம் மட்டும் ஏன் பொய்?” என்று ராசாத்தியைக் கேட்கிறேன்.

“பொய்யின்னு இல்லைங்க மிஸ். நீங்க பெரட்டுல பேர் வாசிக்கிற மாதிரி கேக்குறீங்க. காலையில வேலைக்கு ஆள் எடுக்கிறப்ப பேரக் கூப்பிட்டா, இல்லன்னு யாரு சொல்லுவா?”

அடுத்த தாய் வருகிறாள். தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறேன். ராசாத்தியின் குரலையே கடன் வாங்கிக்கொண்டு, “நேத்து என்னம்மா குடுத்த?” என்கிறேன்.

அவள் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நேராக நிற்கிறாள்.

“முட்டை, பால், கீரை எல்லாம் குடுத்தேங்க.”